காதுக்கடியில் ஒரு பிசிறு

பதினொன்று பத்துக்குத் தொட்டியை மாட்டினார்கள், பன்னிரண்டு பத்துக்கு இறக்க வேண்டும். இடையில் இருக்கிற ஒரு மணி நேரத்துக்கு, கவிழ்த்த பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர, கோகிலவாணிக்கு வேறு வேலை கிடையாது. பார்க்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. பச்சை நிறத்தில் ஒரு குப்பைத்தொட்டி, தள்ளுவண்டியில் நாலு நாலாக வைத்துத் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போவார்களே அது, கழுத்துவரைக்கும் ஈர மணல், மொத்தம் அறுபது கிலோ, கனம் தூக்குகிற செயின் பிளாக்கின் கொக்கியிலிருந்து ஒரே கைப்பிடியில் தொங்குகிறது. கைப்பிடி என்பது புதுத் தொட்டி கேட்டு வந்த நகராட்சிக் கடிதத்தில் இருக்கிற வார்த்தை. கணபதி என்கிற ஊரில் இருக்கும் இந்தப் பட்டறைக்குள் அதற்குப் பேர் காது. வாணலிக்கு இருக்கிற மாதிரி தொட்டிக்கும் இரண்டு காது. வாத்தியார் ஒற்றைக் காதைத் திருகித் தூக்கிய பிள்ளையைப் போல அது ஒருக்களித்துத் தொங்கியது, பாவமாகத்தான் இருந்தது, ஆனால் உடையாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். வளைகிற இடத்தில் கனம் கூட்டியிருக்கிறாள், முனைகளில் இரும்புக் கம்பி கொடுத்திருக்கிறாள், படம் வரைந்த கையே பத்து முறை அழித்து அழித்து வரைந்த படம், அது உடைந்தால் இந்தக் கூரையும் உடைய வேண்டும். கடிதம் கேட்பது அவ்வளவுதான், அறுபது கிலோ, ஒரு மணி நேரம், விரிசல் கூடாது. அவள் பயப்படுவது வேறு ஒன்றுக்கு, அது பன்னிரண்டு மணிக்கு மேல் பஸ் இறங்கி நடந்து வரும், அதன் பேர் மாரக்கா, கோகிலவாணியின் தெருவில் குப்பை வண்டி தள்ளுகிறவள். பயம் என்று சொல்வதும் தப்பு. ஒரு சின்ன நமைச்சல். மடியில் பழைய தொட்டியின் காது ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மேஜைமேல் கிடந்ததை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை, கை சும்மா இருக்காது என்று புருஷன் சிவராஜ் சொல்வது சரிதான், அதைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பழைய காதின் அடியில் ஒரு கோடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அச்சின் இரண்டு பாதியும் வந்து சேர்கிற இடத்தில் உருகின பிளாஸ்டிக் மயிரிழை அளவுக்குக் கசிந்து உறைந்துபோகும், அதற்குப் பிசிறு என்று பேர், உலகத்தில் வார்க்கிற எல்லாப் பொருளிலும் ஏதாவது ஒரு மூலையில் அது இருக்கும், இல்லாமல் வார்க்க முடியாது. எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. பழைய அச்சில் அது காதுக்கு அடியில், முழுக் கனமும் நாலு விரலில் வந்து இறங்குகிற இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது, வேண்டுமென்றே வைத்தாலும் இத்தனை சரியாக வைக்க முடியாது. காலி தொட்டியைத் தூக்கினால் ஒன்றும் தெரியாது. காலி தொட்டியைத்தான் எல்லா அதிகாரியும் தூக்கிப் பார்க்கிறார்கள். நிறைந்த தொட்டியை ஒரு நாளைக்கு நூறு முறை தூக்கி லாரியில் கவிழ்க்கிறவர்கள் யாரும் கடிதம் எழுதுவதில்லை, அவர்கள் துணி சுற்றிக்கொள்கிறார்கள். அந்தத் துணியை அவள் முதலில் பார்த்தது போன ஆடி மாதம், தன் தெரு முனையில், பால் வாங்கப் போனபோது. வண்டியில் நாலு தொட்டி, எட்டுக் காது, எட்டிலும் துணி. பழைய சேலைக் கிழிசல், சுடிதார் துப்பட்டா, ஒன்றில் சைக்கிள் டியூப், ஒன்றில் ஏதோ கட்சிக் கொடி. பாலை மறந்துவிட்டு நின்றுவிட்டாள். யாரோ ஒருத்தர் முழு அளவில் ஒரு படம் வரைந்து நடுத்தெருவில் ஒட்டிவைத்திருக்கிறார்கள், பத்து வருஷமாக யாரும் அதைப் படிக்கவில்லை, அப்படித்தான் அவளுக்குப் பட்டது. மறுநாளே மாரக்காவிடம் கேட்டு ஒரு துணியைப் பிரிக்காமல் காதோடு கழற்றி வாங்கி வந்து, துவைத்து, காயவைத்து, வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தாள். முப்பத்தெட்டு மில்லிமீட்டர். ஆகா, இதுதான் அவர்கள் கைக்கு வேண்டிய பருமன் என்று தலைகால் புரியாத சந்தோஷத்தில் முப்பத்தெட்டிலேயே மாதிரி செய்து கொண்டுபோய் நீட்டினாள். மாரக்கா வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, ஏனுங் அம்மணி இது காதா ஒலக்கையா என்று கேட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். மூக்குடைபட்டது இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது, நிஜக் காது. காய்ந்த துணியை எவளாவது அளப்பாளா? டிப்ளமா படித்தவள்தான் அளப்பாள். அந்தத் துணி என்றைக்குக் காய்ந்திருந்தது? விடிந்ததிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஈரம், அதன் மேல் பிடி, பிடியின் மேல் கனம், நசுங்கி நசுங்கி அது கையின் அளவுக்கு வந்துவிடுகிறது. மறுபடி நனைத்து, முறுக்கி, தன் கையால் ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டு அப்படியே அளந்தாள். முப்பத்தொன்று. இப்போது கொக்கியில் தொங்குகிறதே, அது முப்பத்தொன்று. விரல் முட்டி தொட்டியில் உரசாதபடிக்கு இடைவெளி விட்டு, கோட்டை அடியிலிருந்து எடுத்து இரண்டு பக்கவாட்டுக்கும் தள்ளி, கனமே விழாத இடத்தில் வைத்தாயிற்று. கையை வைத்தால் கை அதன்பாட்டுக்கு மூடிக்கொள்கிறது. தான் செய்த பொருளைத் தானே மெச்சிக்கொள்வது நல்ல பழக்கமில்லை என்று அவளுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், இருந்தாலும் மெச்சிக்கொண்டாள். மணி பதினொன்று இருபத்தாறு.

பிசிறுக் கோட்டை நகர்த்துவது என்றால் ரப்பரால் அழித்துத் தள்ளி வரைகிற காரியம் இல்லை. அச்சில் கூடுதலாக நகர்கிற துண்டு ஒன்று வைக்க வேண்டும், பட்டறையில் அதை ஸ்லைடர் என்பார்கள், அது வைத்தால் ஒவ்வொரு காதுக்கும் பன்னிரண்டு விநாடி கூட ஆகும், வாரம் ஒரு முறை சிக்கிக்கொண்டு அச்சு வெட்டுகிற ஆல்பர்ட்டின் வாயில் நல்ல நல்ல வார்த்தையாக வரவழைக்கும். மாதிரிக்கு வெட்டியது அலுமினிய அச்சு. நிஜ இரும்பு அச்சை இன்றைக்குச் சாயங்காலம் வெட்ட ஆரம்பிக்க வேண்டும், ஸ்லைடரோடா, ஸ்லைடர் இல்லாமலா என்று மத்தியானத்துக்குள் முதலாளி சொல்ல வேண்டும், ஒரு தடவை வெட்டிவிட்டால் பத்து வருஷத்துக்கு அதே கோடுதான், அதே விரல்தான். முதலாளி சென்னியப்பன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருப்பாள், ஒற்றைக் காலில் நின்றிருப்பாள். அவர் நியாயம் பேசுகிறவர், அதுதான் தொல்லை. நேற்று டீ குடித்தபடி நிதானமாகச் சொன்னார். "இதப் பாருங்கம்மணி. துணிய அவங்க அடையாளத்துக்குச் சுத்தறாங்க. அவங்கவங்க டப்பா அவங்கவங்களுக்குத் தெரியோணுமல்ல? நீங்க எத்தன வழவழன்னு செஞ்சு குடுத்தாலும் சுத்தத்தான் போறாங்க. அப்பறம் துணிக்குள்ள கோடு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? மாரக்கா வரட்டும். துணி சுத்தாமத் தூக்குனாங்கன்னா ஸ்லைடர் போட்டரலாம். சுத்துனா பழையபடியே வெட்டீரலாம். ஒண்ணே ஒண்ணு, துணியப் பத்தி அந்தம்மாகிட்ட நீங்க மூச்சு விடக் கூடாது." அவளும் சரிங்கண்ணா என்று தலையை ஆட்டிவிட்டாள், அப்போது எதிராளியின் காய் வசமாக வந்து மாட்டினதாகத்தான் நினைத்தாள். கை பொய் சொல்லாது. ஆயிரம் பேர் கையை அவள் பார்த்திருக்கிறாள். ஆளைப் பார்க்காமல் கையைப் பார்க்கிற வியாதி உனக்கு என்பான் சிவராஜ், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவன் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவேயில்லை, சூடான காபி டம்ளரை விளிம்பில் இரண்டு விரலால் தூக்கி அடியில் மோதிர விரலை முட்டுக்கொடுத்துப் பிடித்ததைத்தான் பார்த்தாள், யோசிக்கிற கை என்று தோன்றியது, சரி என்று சொல்லிவிட்டாள். பதினோரு வருஷத்தில் அந்தக் கணக்கு தப்பவில்லை. குக்கர் கைப்பிடி ஆடுகிறது, ஸ்குரு முடுக்க வேண்டும் என்று போன வாரம் அவன் சொன்னான், இன்னும் முடுக்கவில்லை, ஊருக்கெல்லாம் காது செய்கிறவள் வீட்டில் குக்கர் காது ஆடுகிறது.

டிக் என்று ஒரு சத்தம். அவள் எழுந்திருக்கவில்லை. சங்கிலியின் ஒரு கண்ணி இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்த சத்தம் அது, பிளாஸ்டிக் விரிகிற சத்தம் இப்படி இருக்காது, அது இன்னும் மந்தமாக, நகத்தைக் கடிக்கிற மாதிரி வரும். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும், தெரியாமல் இருக்குமா, பக்கெட் கம்பெனியில் மூன்று வருஷம் பிசிறு வெட்டியவள் அல்லவா. படிப்புக்கு முந்தின மூன்று வருஷம், பத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டு. சூடாக வந்து விழுகிற பக்கெட்டை மடியில் வாங்கி, வளைந்த கத்தியால் விளிம்பைச் சுற்றி ஓர் இழுப்பு, கைப்பிடியின் மேலே ஓர் இழுப்பு, அடுத்தது. விளிம்பு, மேலே, அடுத்தது. அடி என்று ஒன்று இருந்தது அவளுக்குத் தெரியாதா? தெரியும். கைப்பிடியைத் தூக்கித் திருப்பினால்தான் அடி தெரியும், திருப்பினால் அதற்குள் அடுத்த பக்கெட் வந்து மடியில் சுடும், மேஸ்திரி திருப்பச் சொல்லவில்லை, திருப்பாமல் விட்டாள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி என்று பேர் வாங்கியிருந்தாள், மற்றவர்களைவிட வேகம். எத்தனை ஆயிரம் பக்கெட் அப்படிப் போயிருக்கும், எந்தெந்தக் கிணற்றடிக்கு, எந்தெந்த மாடிப்படிக்கு, தண்ணீர் வராத நாளில் மூன்று மாடி ஏறுகிறவள் நடுவழியில் இறக்கிவைத்துக் கையை மாற்றிக்கொள்வாளே, விரலைப் பார்த்து ஊதிக்கொள்வாளே, அந்த ஊதலில் தன் பங்கு ஒன்று இருக்கிறது என்று அப்போது தோன்றவேயில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தன் வீட்டிலேயே அதே கம்பெனி பக்கெட்டில் தண்ணீர் தூக்கியபோதுதான் தோன்றியது. விரலில் சிவப்பாக ஒரு கோடு. இது நான் விட்ட கோடு என்று நினைத்தாள், சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அதைச் சரிக்கட்டத்தான் இந்தக் காதைச் செய்தாளா என்றால், அப்படியெல்லாம் இல்லை, அவள் தன்னை அவ்வளவு பெரிய தியாகியாக நினைத்துக்கொள்ளவில்லை. வேலை வந்தது, செய்தாள். ஆனால் கோட்டை எங்கே வைப்பது என்று படத்தில் பென்சில் நின்ற ஒவ்வொரு தடவையும் மடியில் அந்தச் சூடு தெரிந்தது, அது உண்மை. மணி பதினொன்று நாற்பத்தைந்து. ஈர மணலிலிருந்து தண்ணீர் தொட்டியின் அடி ஓட்டை வழியாகச் சொட்டுகிறது. சொட்டுச் சொட்டாகக் கனம் குறைகிறதே, அறுபது கிலோ ஐம்பத்தொன்பதே முக்காலாகிவிட்டால் சோதனை செல்லுமா? செல்லாது என்று யாராவது சொல்வதற்குள் எழுந்து ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள், அந்தப் பக்கம் கிரைண்டரில் இருந்த ஆல்பர்ட் பார்த்துச் சிரித்தார்.

உட்கார்ந்த பிறகுதான் அது வந்தது. எங்கேயோ ஓரமாக இத்தனை நேரம் நமைத்துக்கொண்டிருந்தது முழு உருவமாக எழுந்து வந்தது. மாரக்கா அன்றைக்குத் துணியைக் கழற்றிக் கொடுத்தபோது என்ன சொன்னாள்? பத்திரமாத் திருப்பிக் குடுங்கம்மணி என்றாள். அதற்கப்புறம்? இந்தச் சேப்புத் துணியப் பாத்தாத்தானுங் என்ர டப்பான்னு தெரியும், இல்லாட்டி ஆளாளுக்கு எடுத்துட்டுப் போயிருவாங்க, ஓட்ட டப்பா என்ர தலைல வந்து விழுகும். சொன்னாளா? சொன்னாள். வார்த்தை மாறாமல் சொன்னாள். கேட்டுக்கொண்டேதான் அவள் துணியின் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தாள், ஏழு சுற்று, ஏழு சுற்று என்று குறித்துக்கொண்டாள், அடையாளம் என்பதைக் குறித்துக்கொள்ளவில்லை. அப்படியானால் முதலாளி சொன்னதும் சரி. துணி கைக்காகவும்தான், கண்ணுக்காகவும்தான். காது எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாரக்கா சுற்றுவாள், தன் தொட்டி தன்னுடையது என்று தெரிவதற்காகச் சுற்றுவாள், அது அவள் பிழைப்பு, சுற்றாமல் என்ன செய்வாள்? சென்னியப்பன் பார்த்துக்கொண்டு நிற்பார், ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளக்கூட மாட்டார், அவ்வளவு நல்லவர், ஆல்பர்ட்டைப் பார்த்துத் தலையை மட்டும் அசைப்பார், இரும்பில் பழைய கோடு விழும். போன் எடுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன? அக்கா, இன்றைக்கு மட்டும் சும்மா தூக்குங்கள் என்றால் போதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் தூக்குவாள். போன் கைப்பையில் இருந்தது, கைப்பை ஆணியில் தொங்கியது, ஆணி எட்டும் தூரம்தான். ஆனால் சொல்லித் தூக்கவைத்த தொட்டியை வைத்து எதை நிரூபிப்பது? காலி தொட்டியைத் தூக்கிப் பார்க்கிற அதிகாரிக்கும் தனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? நாளைக்கு ஆயிரம் தொட்டி தெருவுக்குப் போன பிறகு ஆயிரம் பேருக்கும் போன் போட முடியாது. கை தீர்மானிக்கட்டும். கையை நம்பித்தானே இத்தனையும் செய்தது, இப்போது மட்டும் நம்பாவிட்டால் எப்படி. முப்பத்தொன்று சரி, இடைவெளி சரி, கோடு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, இதில் எதுவும் மாரக்கா சுற்றுவதால் தப்பாகிவிடாது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தப்பாகிவிடாது, வெட்டப்படாமல் மட்டும் போய்விடும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை நினைத்தபோது பழைய காதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தொட்டி தொங்கியது, சொட்டியது, தொங்கியது. பன்னிரண்டு அடித்து ஏழு நிமிஷம்.

பன்னிரண்டு பத்துக்கு ஆல்பர்ட் சங்கிலியை இறக்கினார். காதை டார்ச் அடித்துப் பார்த்தார்கள், விரிசல் இல்லை, இழுபட்ட இடத்தில் வெளுப்பு இல்லை, வளைந்த வளைவு அரை விரற்கடைகூட இல்லை. நான்தான் சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை, மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வாசலில் மாரக்கா வந்து நின்றிருந்தாள், காலை வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், நகராட்சிச் சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்திருந்தாள், நாற்பத்தைந்து வயது, கூப்பிட்ட மரியாதைக்கு நெற்றியில் புதிதாகத் திருநீறு. சென்னியப்பன் வாங்க என்று கூப்பிட்டு, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, மணலில் பாதியை எடுக்கவைத்து, இதை எப்போதும் போலத் தூக்கி அந்த மேடையில் வையுங்கள், அவ்வளவுதான், வேறொன்றுமில்லை என்றார். எப்போதும் போல என்பதை அழுத்திச் சொன்னார். மாரக்கா தொட்டியைச் சுற்றி ஒரு நடை வந்தாள். அடியைப் பார்த்தாள். குனிந்தவள், நிமிர்ந்து, இடுப்பில் செருகியிருந்த சிவப்புத் துணியை உருவினாள். உருவி, உதறி, இரண்டாக மடித்தாள். சென்னியப்பன் ஆல்பர்ட்டைப் பார்த்தார். கோகிலவாணி தரையைப் பார்த்தாள், தரையில் மணல்தண்ணீர் ஓடிக் காய ஆரம்பித்திருந்தது, போய்விட்டது, சரி, போகட்டும் என்று நினைத்தாள், கண்ணில் தண்ணீர் வரப் பார்த்தது, வரவிடவில்லை. நிமிர்ந்தபோது துணி காதில் இல்லை. காது தொட்டியோடு பூட்டுகிற மூலையில், கை போகாத இடத்தில், இறுக்கமாக ஒரு முடிச்சாக உட்கார்ந்திருந்தது, இரண்டு முனையும் பூவைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மாரக்கா வெறும் கையைக் காதுக்குள் விட்டாள், ஒரு முறை மூடித் திறந்தாள், இன்னொரு கையை அடிவிளிம்பில் கொடுத்தாள், முனகாமல் தூக்கி மேடையில் வைத்தாள். வைத்துவிட்டு மறுபடி இறக்கினாள், யாரும் சொல்லவில்லை, அவளாகவே இன்னொரு தடவை தூக்கினாள்.

முழுதும் சுற்றவில்லையா என்று கேட்டது சென்னியப்பன்தான், அவருக்கே அடக்க முடியவில்லை. "கை படற எடத்துல எதுக்குங் துணி? அது அடையாளத்துக்குங், ஓரமா இருந்தாப் போதும்" என்றாள் மாரக்கா. அவர் கொஞ்ச நேரம் முடிச்சையே பார்த்தார், அப்புறம் தானும் போய்க் காதுக்குள் கையை விட்டுப் பார்த்தார், ஸ்லைடரோடயே வெட்டீருங் ஆல்பர்ட்டு என்றார், சாப்பாட்டுக்குப் போனார். ஆல்பர்ட் பன்னிரண்டு விநாடி, பன்னிரண்டு விநாடி என்று முணுமுணுத்தபடி படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். கோகிலவாணிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, பக்கெட்டைப் பற்றி, மூன்று மாடியைப் பற்றி, ஏழு சுற்றை எண்ணிவிட்டுச் சொன்னதைக் கேட்காமல் போனதைப் பற்றி, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றாள். மாரக்கா பக்கத்தில் வந்து அவள் கையைப் பார்த்தாள். அந்தப் பழைய காது இன்னும் அதில் இருந்தது, ஒரு மணி நேரமாக அவள் விடவேயில்லை, விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. மாரக்கா ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். நாலு விரலிலும் குறுக்கே சிவப்பாக ஒரே கோடு ஓடியது.

"இன்னும் எதுக்குங் அம்மணி அதயப் புடிச்சுட்டு நிக்கறீங்க? கீழ வையுங்க."

அவள் வைத்தாள்.